மலை ஓடையும் மின்சாரமும்: ஆலத்தூர் நாட்டு உழவர் அறிய வேண்டியவை

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள 14 நாடுகளில் ஆலத்தூர் நாடும் ஒன்று. மேட்டு நிலத்தில் சாமையும் மரவள்ளியும், பள்ளத்தில் நெல்லும், நிழல் மரங்களுக்கிடையே மிளகும் காப்பியுமாக மலையாளிப் பழங்குடி உழவர்கள் இங்கே பயிர் செய்து வருகின்றனர். மழையும் ஊற்றும் ஓடையுமே இவர்களுடைய பாசன ஆதாரம். நகரத்தாரோடு ஒப்பிட்டால் இவர்கள் செலவிடும் மின்சாரம் மிகக் குறைவு. ஆயினும் மின்சாரத்தைப் பற்றிய பெரிய கேள்வி ஒன்று இன்று மலையேறி வந்துள்ளது.

நிலக்கரியை எரிப்பதால் புவி வெப்பமடைகிறது. ஆகவே சூரிய ஒளி, காற்று, நீர் ஆகியவற்றிலிருந்து மின்சாரம் எடுக்க உலக நாடுகள் முனைந்துள்ளன. இந்த மாற்றம் தேவையானதே. பருவமழை பொய்த்தால் முதலில் பாதிக்கப்படுபவர் மானாவாரி உழவர்தாம். ஆனால் புகையில்லாத மின்சாரத்துக்கும் நிலம் வேண்டும், நீர் வேண்டும். அவை யாருடையவை, பலன் யாருக்கு என்பதே கேள்வி.

மலை நீருக்கு மதிப்பு ஏன்?

விநாடிக்கு 1000 லிட்டர் நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கினால் ஏறத்தாழ 800 கிலோவாட் மின்சாரம் கிடைக்கும். உயரம் இரு மடங்கானால் மின்சாரமும் இரு மடங்கு. செங்குத்தான கொல்லிமலையின் ஓடைகளுக்கு மதிப்பு ஏற்பட்டது இதனால்தான். இம்மலையில் 20 மெகாவாட் நீர்மின் திட்டத்தை மின்வாரியம் மேற்கொண்டுள்ளது. நீர்மின் நிலையம் நீரைச் செலவழிப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் ஓடை திருப்பப்படும் இடத்துக்கும் நீர் திரும்ப வந்து சேரும் இடத்துக்கும் இடையே உள்ள நிலங்களுக்கு, கோடையில் எவ்வளவு நீர் விடப்படும் என்பதே உயிர்நிலை.

சமவெளி கற்பித்த பாடம்

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட் உயர் மின்பாதை அமைக்கப்பட்டது. வடக்கிலிருந்து மின்சாரம் கொண்டுவரவும், காற்று மிகும் பருவத்தில் தென்னகத்துக் காற்றாலை மின்சாரத்தை வடக்கே அனுப்பவும் இது பயன்படக்கூடியது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்ட அதிகாரத்தைக் கொண்டு, நில உடைமையாளர் இசைவின்றியே கோபுரங்கள் எழுப்பப்பட்டன. தென்னையும் கிணறும் உள்ள நிலங்களில் கம்பி செல்வதை எதிர்த்து மேற்கு மாவட்ட உழவர்கள் 2018 டிசம்பரில் உண்ணாவிரதம் இருந்தனர். சாலையோரம் கேபிளாகப் புதைக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அது ஏற்கப்படவில்லை. ஆனால் புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் மின்பாதையில், கேரளத்தில் வடக்கஞ்சேரி முதல் திருச்சூர் வரை சுமார் 27 கிலோமீட்டர் மண்ணுக்கடியில்தான் செல்கிறது. செலவு கூடுதல் என்றாலும் வழி உண்டு என்பதற்கு இது சான்று.

இழப்பீட்டு விதியும் மாறியது. 2015ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் என்றது. 2024இல் அது 200 சதவீதமாகவும், கம்பி செல்லும் பாதைக்கு 30 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. உழவர் கேட்டதால் விளைந்த பயன் இது. எனினும் முன்னரே நிலம் கொடுத்தவர்களுக்குக் காலம் கடந்த பயன்.

ஐரோப்பாவிலும் இதே சிக்கல்

நார்வே நாட்டின் ஃபோசென் பகுதியில், சாமி என்னும் பழங்குடியினர் பனிமான் மேய்த்துப் பிழைப்பவர்கள். அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவற்றுக்கு அளித்த உரிமம் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுவதாகும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் காற்றாலைகள் சுழலத் தொடங்கிவிட்டன. 2023, 2024ஆம் ஆண்டுகளில் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது, காற்றாலைகள் அகற்றப்படவில்லை. நியாயம் கிடைத்தும் நிலம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

டென்மார்க் வேறு வழியைக் கண்டது. புதிய காற்றாலையின் பங்குகளில் குறைந்தது 20 சதவீதத்தை அக்கம்பக்கத்தாருக்கு விற்க முன்வர வேண்டும் என்ற விதி 2009 முதல் சுமார் பத்தாண்டுகள் அங்கே நடைமுறையில் இருந்தது. பங்கு உடையவருக்குக் காற்றாலை அயலாருடையதாகத் தோன்றாது அல்லவா?

உழவர் செய்ய வேண்டியவை

1. ஓடை நீரை அளந்து எழுதி வையுங்கள். நீரை ஒரு மடையில் கூட்டி, தகரம் அல்லது மூங்கில் வழியே வாளியில் விழச் செய்யுங்கள். 15 லிட்டர் வாளி 5 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 3 லிட்டர் என்று பொருள். மாசி முதல் வைகாசி வரை வாரம் ஒரு முறை, நாளும் இடமும் குறித்து நோட்டில் எழுதுங்கள். "கோடையிலும் நீர் ஓடும்" என்று வாயால் சொல்வதைவிட இந்த நோட்டு வலுவானது.

2. பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றைச் சரிபார்த்து, கிணறு, மிளகுக் கொடி, காப்பிச் செடி, மரங்களின் எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள்.

3. வன நிலத்தில் அனுபவ உரிமை உள்ளவர்கள் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ்க் கிராம சபை மூலம் மனுச் செய்யலாம். கிராம சபைக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். கோடையில் விடப்படும் நீரின் அளவு என்ன, எந்த ஓடை, எத்தனை மாதம் என்று கேட்டு, பதிலைத் தீர்மானத்தில் எழுதச் செய்யுங்கள்.

4. சூரிய சக்தி பம்புசெட்டுக்கு 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் மானியம் உண்டு. பழங்குடியினரான சிறு, குறு உழவருக்குக் கூடுதல் மானியமும் உண்டு. அளவை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். சில்வர் ஓக் நிழல் விழும் இடத்தில் தகடு அமைத்தால் பயனில்லை. மூடுபனி நாட்களில் நீர் குறைவாகவே கிடைக்கும்.

மலைக்கு மாற்றம் புதிதன்று. மரவள்ளி வந்தது, பணமும் வந்தது, சாமைப் பரப்பு சுருங்கியது. சேகோ ஆலை விலையைக் குறைத்தால் மலை வீட்டில் அடுப்பு அணைகிறது. மரவள்ளியைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. கணக்குப் பார்க்காமல் ஏற்ற மாற்றம் இது. மின்சாரம் வரும்போதாவது கணக்கு நோட்டு உழவர் கையில் இருக்கட்டும்.