கணிப்பொறியும் தபால் பிரிக்கும்!

காட்டேரிக்குப்பத்துக்கு ஒரு கடிதம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் அதைப் பிரிப்பவர் தெருப் பெயரைப் படிக்க வேண்டியதில்லை. பின்கோடு 605 என்று தொடங்குகிறதா? புதுச்சேரிக் கட்டில் போடு! இந்தப் பின்கோடு முறை 1972 ஆகஸ்டு 15 அன்று நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

'முதலில் 605, பிறகு ஏதேனும் மூன்று இலக்கங்கள்' என்பது பல முகவரிகளுக்குப் பொதுவான ஒரு வடிவம். இதையே கணிப்பொறிக்கு 605... என்று எழுதிக் காட்டலாம். ஒவ்வொரு புள்ளியும் 'ஏதேனும் ஒரு குறி' என்று பொருள்படும். இத்தகைய வடிவங்களுக்கு 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்று பெயர். நரம்புச் செல் வலைகளை ஆராய்ந்த அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி 1956-இல் வெளியான கட்டுரையில் இக்கருத்தை விளக்கினார். 1968-இல் கென் தாம்சன் இதைக் கணிப்பொறியில் சொற்களைத் தேடும் கருவியாக்கினார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! 605... என்ற வலையில் தமிழ்நாட்டு விழுப்புரமும் (605602) சிக்கும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் (609602), மாகி (673310), ஏனாம் (533464) மூன்றும் தப்பிவிடும். நாம் நினைத்தது ஒன்று, எழுதியது வேறொன்று!

மின்னஞ்சலிலும் இப்படித்தான். தமிழ் எழுத்திலேயே மின்னஞ்சல் முகவரி அமைப்பதற்கான இணைய விதிகள் 2012-இல் வெளியாயின. ஆகவே நம் கற்பனை முகவரிகளும் தமிழிலேயே இருக்கட்டும். மூன்று ஆசிரியர்களின் கடிதங்கள் மட்டும் தனி உறையில் சேர வேண்டும். மூன்று கட்டளைகள் எதற்கு? ஒன்றே போதும்:

^(ம\.அமுதா|க\.கபிலன்|வளவன்)@பள்ளி\.இந்தியா$

பயந்துவிடாதீர்கள்! நெடுங்கோடு என்றால் 'அல்லது'. ^ என்பது தொடக்கம். $ என்பது முடிவு. சாய்கோடு புள்ளிக்குக் காவல்: 'இது வெறும் புள்ளிதான்' என்கிறது. அது இல்லாவிட்டால் ம-அமுதா என்ற வேறொருவரின் கடிதமும் உள்ளே வந்துவிடும்.

அடைப்புக்குறிகளை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வடிவம் மூன்று துண்டாகிவிடும். 'ம.அமுதா என்று தொடங்குவது எதுவும்' என்பது முதல் துண்டு. எங்கிருந்தோ எழுதும் ம.அமுதாதேவியின் கடிதமும் இதில் அகப்படும். அந்தக் கடிதத்தில் தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் இருந்தால்? அது எங்கோ ஒரு மூலையில் கிடக்கும், நாளும் கடந்துபோகும். கணிப்பொறி தவறு எதுவும் செய்யவில்லை, சொன்னபடியே செய்தது!

சில அஞ்சல் மென்பொருள்கள் இந்த வடிவங்களை நேராக ஏற்கும். சிலவற்றுக்குத் துணை நிரல் வேண்டும். எதுவானாலும், சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். சிக்க வேண்டிய முகவரிகள் ஐந்து, சிக்கக் கூடாதவை ஐந்து எழுதிப் பாருங்கள். இரண்டாவது பட்டியலே முக்கியம். கடிதங்கள் தொலைவது அங்கேதான்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. புதுச்சேரியின் நான்கு பகுதிகளையும் பிடிக்கும் ஒரே வடிவத்தை நோட்டில் எழுதுங்கள். எழுதி முடித்ததும், விழுப்புரம் இன்னும் வலையில் இருக்கிறதா என்று பாருங்கள்!