பயிற்றுவிப்பாளர் போன பிறகு

அமெரிக்கக் காற்பந்தில் ஆட்டக்காரர் பயிற்றுவிப்பாளராவது பழகிய வழி. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் ஆடி சூப்பர் போல் வென்ற டோனி டங்கி, 2007இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக நின்று அதே பட்டத்தை வென்றார். தொழில்முறையில் ஒரு போட்டிகூட ஆடாத பில் பெலிசிக்கோ நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கு அதை 6 தடவை பெற்றுக்கொடுத்தார். ஆகவே ஆடிய காலத்துப் பெயரை வைத்து ஒரு பயிற்றுவிப்பாளரை எடைபோட முடியாது. அவர் போன பிறகு ஊரில் என்ன மிஞ்சுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்க மட்டக்களப்பே நமக்குப் போதும்.

இரண்டாம் உலகப் போரை அடுத்து, இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத் துறவிகள் இங்கு பணிக்கு வந்தனர். அவர்களில் ஹரோல்ட் வெபர் அடிகளாரும் யூஜின் ஹேபியர் அடிகளாரும் விளையாட்டால் நினைக்கப்படுகிறவர்கள். 1891இல் அமெரிக்காவில் பிறந்த கூடைப்பந்தாட்டத்தை ஹேபியர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்குப் பழக்கினார். இந்த ஆட்டத்தில் பந்தோடு நிற்பவர் ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை மட்டும் எடுத்துவைத்துத் திரும்பலாம். ஊன்றிய கால் பெயர்ந்தால் பந்து எதிரணிக்கு. பார்த்துப் பார்த்து வருகிற வித்தையல்ல இது. பக்கத்தில் நின்று நாள்தோறும் திருத்த ஒருவர் வேண்டும். 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட ஹேபியர் அடிகளார் காணாமல் போனார். அவர் ஊன்றிய ஆட்டம் காணாமல் போகவில்லை. வெபர் அடிகளாரின் பெயரை நகரின் மைதானம் இன்றும் தாங்கி நிற்கிறது.

மிஷன் பணத்தில் நகரத்துக் கல்லூரிப் பையன்கள்தானே பயன்பெற்றார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கல்லடிப் பாலத்துக்கு இப்பால், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் நாவற்குடாப் பிள்ளைக்கு அந்த மைதானம் அக்கரையில்தான் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் தூரம். ஆனால் இது பயிற்றுவிப்பின் குறையல்ல, அது எட்டாமற்போனதன் குறை. தனி மனிதரை நம்பினால் அவரோடு எல்லாம் முடிந்துவிடும் என்பாருக்கும் பதில் இதுவே: பழகியவர் அடுத்தவரைப் பழக்கச் சம்பளமும் பதவியும் வேண்டும். கிண்ணங்களுக்கு விழா எடுப்பதற்கு முன், நாவற்குடா போன்ற ஊர்களின் பாடசாலைகளுக்கு முழுநேரப் பயிற்றுவிப்பாளர்களை நியமியுங்கள்.