பரணிலிருந்து இறங்கிய ஹெலிகாப்டர்

தை அறுவடை முடிந்துவிட்டால் விக்கிரவாண்டியைச் சுற்றியுள்ள நெல்வயல்கள் வெறுந்தரையாகக் கிடக்கும். ரேடியோவால் இயக்கும் மாதிரி ஹெலிகாப்டரைப் பறக்கவிட இது நல்ல இடம். நெடுஞ்சாலையையும் மின்கம்பிகளையும் விட்டு வெகுதூரம் தள்ளிப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். இவ்வூர்க்காரர் ஒருவர், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாம் ஆசையாகப் பறக்கவிட்ட ஹெலிகாப்டரைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சைக்கிள் ஓட்டப் பழகியவருக்கு அது மறப்பதில்லை என்பார்கள். ஹெலிகாப்டரும் அப்படித்தானா?

இதற்கு விடை காண, ஹெலிகாப்டர் எப்படி அந்தரத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நன்கு அமைந்த மாதிரி விமானம் சற்றே சாய்ந்தாலும் தானாக நிமிர முயலும். ஹெலிகாப்டருக்கு அந்தக் குணம் இல்லை. உள்ளங்கையில் நீண்ட கோலை நிறுத்திப் பாருங்கள். கை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். அதே வேலையை ஹெலிகாப்டர் ஓட்டுபவரின் இரு கட்டைவிரல்களும் செய்கின்றன. மேலே செல்ல இறக்கைகளின் கோணத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் காற்றின் தடை மிகும். உடனே உடற்பகுதி எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதை வால் சுழலி தடுக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றவை எல்லாம் மாறும்.

இச்சிக்கலை முதலில் அவிழ்த்தவர்களுள் ஒருவர் ஆர்தர் யங் என்ற அமெரிக்கர். 1930களில் அவர் சிறு மாதிரிகளைச் செய்து, அவை கவிழ்வதைக் கண்டு, மறுபடியும் செய்தார். சுழலியோடு சேர்ந்து சுழலும், முனைகளில் எடை வைத்த ஒரு தண்டை அவர் பொருத்தியதும் மாதிரி நிதானமாக நின்றது. பம்பரம் தன் அச்சை விட்டு எளிதில் சாயாதல்லவா? அதே தத்துவந்தான். 1941-இல் பெல் கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது. பெல் 47 என்ற ஹெலிகாப்டர் பிறந்து, 1946-இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் சான்று பெற்றது. ஆக, பெரிய ஹெலிகாப்டர் விளையாட்டுப் பொருளுக்கு வழிகாட்டவில்லை. மாதிரிதான் பெரியதற்கு வழிகாட்டியது! ரேடியோ ஹெலிகாப்டர் பொழுதுபோக்காகப் பரவியது 1970களில்தான். ஜெர்மானியரான டீட்டர் ஷ்லூட்டரின் முயற்சி அதில் பெரும்பங்கு வகித்தது.

நம் விக்கிரவாண்டிக்காரரின் பழைய இயந்திரத்திலும் அத்தகைய தண்டு உண்டு. இன்று கடையில் வாங்கும் ஹெலிகாப்டரில் அதைத் தேடினால் கிடைக்காது. கைக்கடிகார அளவுள்ள ஒரு பெட்டி அதன் வேலையைச் செய்கிறது. உங்கள் செல்பேசியைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதற்கு உதவும் நுண் உணர்விகளைப் போன்றவையே இதிலும் உள்ளன. சாய்வை அவை விநாடிக்குப் பல நூறு முறை அளந்து திருத்துகின்றன.

ரேடியோவும் மாறிவிட்டது. அமெரிக்க முறையில் அமைந்த பழைய கருவிகள் 72 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்தன. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 4 மீட்டருக்குச் சற்று மேல் வரும்; ஆகவே அதில் கால்பங்காக, ஒரு மீட்டர் நீள ஆன்டெனா தேவைப்பட்டது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், சுண்டுவிரல் நீளக்கம்பியே போதும். அன்று ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டால் இரண்டு ஹெலிகாப்டர்களும் தரைக்கு வந்துவிடும். இன்றைய கருவி தன் துணையை அடையாளம் கண்டு அதன் பேச்சை மட்டுமே கேட்கிறது. மெத்தனால் எஞ்சினின் இடத்தை மின்மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிடித்துக்கொண்டன. அந்த எஞ்சின் புகையில் கலந்த எண்ணெய் வாசனைக்கு ஏங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வேறு விஷயம்.

பழைய ஹெலிகாப்டரையே ஓட்டினால் என்ன? இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சுழலி நிமிடத்துக்கு 1,600 முறை சுற்றினால், இறக்கை முனையின் வேகம் மணிக்கு 450 கிலோமீட்டர்! 150 கிராம் எடையுள்ள ஓர் இறக்கையின் எடை மையம் அச்சிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டு கணக்கிடுங்கள். அதன் அடிப்பகுதியை இழுக்கும் விசை, சுமார் 170 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். இருபத்தைந்து கோடைகளையும் மழைக்காலங்களையும் பரணில் கழித்த மர இறக்கையை நம்பி அந்தச் சுமையை ஏற்றலாமா? கூடாது என்பதே என் கருத்து. இறக்கைகளையும் அவற்றைப் பிடிக்கும் திருகுகளையும் ரப்பர் வளையங்களையும் மாற்றியே தீர வேண்டும். 2013-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், இக்கலையில் தேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவர் தம் ஹெலிகாப்டரின் இறக்கை தாக்கியே உயிரிழந்தார்.

இயந்திரத்தைப் புதுப்பித்தாயிற்று, கையை என்ன செய்வது? வால் நம்மை நோக்கி இருக்கும்வரை பழைய பழக்கம் விரைவில் திரும்பிவிடும். மூக்கு நம்மை நோக்கித் திரும்பியதும் இடம் வலமாகிறது. ஹெலிகாப்டர் நமக்கு இடப்புறம் சரிந்தால் விரலும் இடப்புறமே போக வேண்டும். இதை யோசித்துச் செய்ய நேரமில்லை, விரலுக்கே தெரிந்திருக்க வேண்டும். இடைவெளியில் முதலில் மங்குவது இந்தத் திறமைதான். மின்பெட்டி சாய்வைத் திருத்தும். உங்கள் கண்ணுக்கு எது இடம், எது வலம் என்பது அதற்குத் தெரியாது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஹெலிகாப்டரை நிமிர்த்தி உயரத் தூக்கும் வசதி சிலவற்றில் உண்டு. அதுவும் தரைக்கு மிக அருகில் கைகொடுக்காது. கணிப்பொறித் திரையில் பறக்கவிட்டுப் பழகும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. ஆயிரம் முறை விழுந்தாலும் அங்கே செலவில்லை.

வயலில் இறங்குமுன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள், 25 கிலோவுக்கு மேற்படாத, பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ கண்பார்வைக்குள் இயக்கும் வானூர்தியை ‘மாதிரி’ என்று தனியே வகுத்துள்ளன. பச்சை மண்டலத்தில் உச்ச வரம்பு 120 மீட்டர். தம் ஊர் எந்த மண்டலம் என்பதை அரசின் இணைய வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வயல்களில் மருந்து தெளிக்கப் பல சுழலிகள் கொண்ட டிரோன்கள் வந்துவிட்ட காலத்தில் இந்தத் தொல்லை பிடித்த ஹெலிகாப்டர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யின் தக்‌ஷா மாணவர் குழுவுக்கு 2018-இல் ஆலோசகராகவும் ஹெலிகாப்டர் சோதனை விமானியாகவும் அமர்த்தப்பட்டவர் நடிகர் அஜித்குமார். மாதிரி வானூர்திகளில் நெடுநாள் நாட்டமுடையவர். அக்குழு அவ்வாண்டே ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. ஆக, டிரோன் உலகத்திலும் ஹெலிகாப்டர் பழகிய கைக்கு மதிப்புண்டு.

இன்னொரு காரணமும் உண்டு. டிரோன் தன் மோட்டார்களின் வேகத்தை மாற்றிப் பறக்கிறது. மின்சாரம் நின்றால் கல்லாக விழும். ஹெலிகாப்டரோ இறக்கைகளின் கோணத்தை மாற்றிப் பறக்கிறது. மோட்டார் நின்றதும் கோணத்தைச் சற்றே கீழ்நோக்கி வைத்தால், விழும்போது கீழிருந்து எதிர்ப்படும் காற்றே காற்றாடியைச் சுற்றுவதுபோலச் சுழலியைச் சுற்றிக்கொண்டிருக்கும். தரை நெருங்கியதும் கோணத்தைக் கூட்டினால், சுழலியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஓரிரு விநாடிகளுக்கு அதைத் தாங்கிப் பிடிக்கும். அதற்குள் இறக்கிவிட வேண்டும். மறுவாய்ப்புக் கிடையாது. பழைய ஆட்கள் எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு இப்படி இறக்கிக் காட்டுவார்கள். திரும்பி வந்தவர் முதல் மாதத்திலேயே இதில் கைவைக்காமல், புதுப் பேட்டரியோடு, முழங்கால் உயரத்தில், வாலைத் தம் பக்கம் வைத்து நிறுத்திப் பழகுவதே நல்லது.