தீவனம் தேடும் மூக்கு

தீவனப் பையைக் குளத்தில் கட்டித் தொங்கவிட்டும் கெண்டைகள் அருகே வராத நாட்கள் உண்டு. நீரில் பிராணவாயு குறைந்திருக்கலாம், நோய் கண்டிருக்கலாம். இவ்விரண்டும் இல்லையெனில் மீனின் மூக்கையும் சந்தேகிக்க வேண்டும்.

மீனின் மூக்கு மூச்சு விடுவதற்கு அன்று. முன்துளை வழியே புகும் நீர், உள்ளே இதழ் இதழாக அடுக்கிய மோப்பத் திசுவைத் தடவிப் பின்துளை வழியே வெளியேறும். பிண்ணாக்கும் தவிடும் ஊறும்போது கசியும் அமினோ அமிலங்கள்தாம் கலங்கிய குளத்தில் கெண்டைக்கு வழிகாட்டுகின்றன.

இத்திசுவை முன்பு மொத்தமாக அரைத்தே ஆராய்ந்தனர். கம்பு, சோளம், கேழ்வரகு மூன்றையும் சேர்த்து மாவாக்கிவிட்டு எது எவ்வளவு என்று தேடுவது போன்ற வேலை அது. 2015ஆம் ஆண்டுக்குப் பின் பரவிய முறையில், திசுவைத் தனித்தனி உயிரணுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிக்குள் அடைத்து, அடையாளக் குறியிட்டு, அதில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று படிக்கிறார்கள். ஒரே தடவையில் பல ஆயிரம் அணுக்களைப் பார்த்துவிடலாம்.

கங்கை, பிரம்மபுத்திரா வடிநில ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீன், கட்லா, ரோகு ஆகியவற்றின் உறவு. அதன் மூக்குக்கென சுமார் 300 வாசனை ஏற்பி மரபணுக்கள் உள்ளன. ஆயினும் ஒரு நரம்பணு பெரும்பாலும் அவற்றில் ஒன்றையே இயக்குகிறது. அமினோ அமிலங்களை, அதாவது தீவன வாசனையை, உணர்வதில் ஒரு வகை நரம்பணுவுக்கே பெரும்பங்கு.

இவ்வணுக்கள் நீரை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் நீரில் கலக்கும் நஞ்சும் இவற்றை எளிதில் தாக்கும். சால்மன் குஞ்சுகளில் நடத்திய சோதனைகளில், லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் செம்பே சில மணி நேரத்தில் மோப்பத்தை மழுங்கச் செய்தது. மீன் சாகவில்லை, ஆகவே கரையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. பாசியை ஒழிக்கப் போடும் மயில்துத்தத்தில் கால் பங்கு செம்புதான்.

உரமிட்ட குளத்து நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள் செம்பின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குஞ்சு வளர்க்கும் தெளிந்த நீர்த் தொட்டியில் அந்தக் காப்பு இல்லை. அங்கே மயில்துத்தத்தைத் தவிர்ப்பதே நல்லது. காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைந்த குளத்தில் போடவே கூடாது. அங்கு மூக்கோடு உயிரும் போய்விடும்.

மூக்கின் அடித்தளத்திலுள்ள மூல அணுக்கள் புதிய நரம்பணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. மூல அணு முதல் முதிர்ந்த அணு வரையிலான படிகளைத் தனியணு ஆய்வில் வரிசையாகக் காண முடிகிறது. எனவே நஞ்சு நீங்கினால் மோப்பம் திரும்பக்கூடும், ஆனால் நாட்களாகும். அதுவரை பழைய அளவிலேயே தீவனமிட்டால் அது அடியில் மக்கி நீரைக் கெடுக்கும். அளவைக் குறைத்து, மாலையில் பையைத் தூக்கி மிச்சத்தைப் பார்த்து, மீன் எடுக்க எடுக்கப் படிப்படியாகக் கூட்டிக்கொள்ளலாம்.