பென் டிரைவில் இடமிருந்தும் ஏறாத வீடியோ

"மாமா, பென் டிரைவ்ல 14 ஜிபி காலியா இருக்கு. வீடியோ அஞ்சரை ஜிபிதான். ஆனா காப்பி ஆக மாட்டேங்குது!" என்று மதுரை கே.கே.நகரிலிருந்து போன் செய்தாள் அக்கா மகள். பிளஸ் ஒன் படிக்கிறாள்.

விடுமுறையில் சென்னை போனபோது அவளும் இரண்டு தோழிகளும் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டல் ஓவியர் கிராமத்துக்குச் சென்றிருக்கிறார்கள். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் 1966ல் தொடங்கிய இடம் அது. சென்னை ஓவிய இயக்கத்துக்கான மியூசியம் அங்கே 2009ல் திறக்கப்பட்டது. மீனாட்சியம்மன் கோயில் தூண்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்குள்ள நவீன சிற்பங்கள் புதிராக இருந்தன. அதையே ஐந்து நிமிட டாக்குமெண்டரியாக எடுக்க முடிவு செய்து, அனுமதி வாங்கி, பார்வையாளர்களிடம் "இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டுப் படம் பிடித்திருக்கிறார்கள். நடுவில் நிறுத்தவே இல்லை. 44 நிமிடம் ஒரே ஃபைல்!

வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, அப்பாவின் போனிலிருந்து அழித்தும் விட்டார்கள். ஆக, இருந்த ஒரே பிரதி அடிக்கடி ஹேங் ஆகும் அந்தப் பழைய கம்ப்யூட்டரில். எனக்குத்தான் பதற்றம், அவளுக்கு இல்லை.

ஃபைல் ஏன் இவ்வளவு பெரிது? போனில் 1080பி தரத்தில் எடுத்தால் வினாடிக்கு சுமார் 17 மெகா பிட் ஆகும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் இது 2 மெகா பைட்டுக்குச் சற்று அதிகம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 127 எம்பி. 44ஆல் பெருக்கிப் பாருங்கள்.

சரி, ஏன் ஏறவில்லை? பல பென் டிரைவ்கள் ஃபேட்32 என்ற முறையில் பார்மட் செய்யப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. இம்முறையில் ஒரு ஃபைலின் அளவைக் குறித்து வைக்க 32 பிட் இடம்தான் உண்டு. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் அதைவிடப் பெரிய ஃபைல் ஏறாது.

பென் டிரைவில் ஏற்கெனவே உள்ளவற்றை முதலில் கம்ப்யூட்டருக்கு காப்பி செய்துகொள்ளுங்கள். பார்மட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும். பிறகு திஸ் பிசியில் பென் டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து பார்மட் தேர்ந்தெடுங்கள். ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் எக்ஸ்ஃபேட் என மாற்றி ஸ்டார்ட் அழுத்துங்கள். டிரைவ் எழுத்தை இருமுறை சரிபார்த்துவிட்டு அழுத்துங்கள்! சில பழைய டிவிகள் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அது வேறு தொல்லை.

போனிலேயே எங்கள் அக்கா மகள் இதைச் செய்து முடித்தாள். வீடியோ ஏறியது.

எடிட்டிங் தொடங்குமுன் இன்னொன்று. ஷாட்கட் போன்ற புரோகிராம்களில் சேவ் செய்யும் புராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இருக்காது. எந்த வீடியோவை எங்கே வெட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அசல் வீடியோவின் பெயரையோ இடத்தையோ மாற்றினால் காணவில்லை என்று சொல்லும். அவள் ஃபோல்டர் பெயரை மாற்றி இதையும் ஒருமுறை அனுபவித்தாள். பழைய பெயரையே வைத்ததும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது.