எச்சரிக்கை எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும்?

சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலைப் பொழுது. மறுநாள் காலைக்குள் தமிழில் தந்தாக வேண்டிய ஓர் அறிக்கையைத் தலைநகரில் நம் அலுவலகத்தில் அமர்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தோம். வாக்கியம் பாதியில் நிற்கையில் கணிப்பொறித் திரையின் மூலையில் ஒரு சிறு கட்டம் எழுந்தது. கை தானாகச் சென்று அதனை மூடிற்று. அதில் என்ன எழுதியிருந்தது என்று பக்கத்து மேசை நண்பர் வினவியபோது நம்மால் விடை கூற இயலவில்லை. சொற்களையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இது வெட்கம் தரும் செய்தியே.

விஷயம் மறுநாள்தான் தெரிய வந்தது. இரவல் வாங்கிச் செருகிய பென்டிரைவில் தீங்கான கோப்பு ஒன்று இருந்திருக்கிறது. அதனைத் திறக்கலாகாது என்று காப்பு மென்பொருள் நமக்குச் சொல்லியும் இருக்கிறது. இயந்திரத்தைத் துப்புரவு செய்ய எடுத்துச் சென்றார்கள். மொழிபெயர்த்த 40 பக்கங்களை மீண்டும் முதலிலிருந்து எழுத நேர்ந்தது.

படிக்காத குற்றம் நம்முடையதே. ஆயினும் அந்த வாரம் முழுவதும் அதே மூலையில், அதே நிறத்தில், அதே ஓசையுடன் வந்தவை எவை என்பதையும் கூற வேண்டும். ‘சோதனை முடிந்தது, தீங்கு ஏதுமில்லை’ என்று ஒரு நாள். ‘புதுப்பித்தல் நிறைவுற்றது’ என்று மறுநாள். சந்தாவை நீட்டித்தால் சலுகை உண்டு என்று இன்னொரு நாள். புலி வருகிறது, புலி வருகிறது என்று கூவிய இடைச்சிறுவன் கதையை நாம் யாவரும் அறிவோம். இங்கே புலி வராத நாளில், ‘இன்று புலி வரவில்லை’ என்பதையும் அவன் கூவித் தெரிவிக்கிறான். ஊரார் செவி அடைத்துப் போவதில் வியப்பென்ன?

அப்படியானால் எச்சரிக்கையை இன்னும் பெரிதாக, எவரும் தப்ப இயலாதபடி காட்டினால் என்ன என்று தோன்றலாம். அதுவும் செய்து பார்க்கப்பட்டதுதான். 2007-ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் விஸ்டாவில், இயந்திரத்தின் அடிப்படை அமைப்பை மாற்றும் செயல் எதுவாயினும் திரை முழுவதும் மங்கி, அனுமதி கேட்கும் கட்டம் ஒன்று மட்டும் ஒளிரும். திரை மங்கியது கண்ணைக் கவர்வதற்காக மட்டுமன்று; வேறொரு நிரல் மனிதனைப் போல நடித்து அந்தப் பொத்தானைத் தானே அழுத்திவிடாதிருக்கச் செய்த ஏற்பாடும் ஆகும். எண்ணம் நல்லதே. ஆனால் அடிக்கடி வந்தமையால் மக்கள் சலிப்புற்றார்கள். சிலர் படியாமலே சம்மதித்தார்கள், சிலர் அந்த ஏற்பாட்டையே நிறுத்தி வைத்தார்கள். 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் கேள்விகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது.

இதற்கென்றே அமர்த்தப்பட்ட நிபுணர்களுக்கும் இவ்விடர் உண்டு. டார்கெட் என்னும் அமெரிக்கக் கடைத்தொடரின் கணிப்பொறிகளைக் கண்காணித்தவர்களில் ஒரு குழுவினர் பெங்களூரில் இருந்தார்கள். 2013 நவம்பர் 30 அன்று எச்சரிக்கை அவர்களுக்கு வந்தது. அவர்களும் அதனை மின்னியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்தார்கள் என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. வாரந்தோறும் பதிவாகும் எண்ணற்ற நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அது எடைபோடப்பட்டு, உடனடி நடவடிக்கை வேண்டுவதன்று என ஒதுக்கப்பட்டது. சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் களவு போயின. எச்சரிக்கை ஒலிக்காமல் இல்லை. ஆயினும் பயன் விளையவில்லை.

வட இந்தியாவில் வாழும் நேயர்கள் பனிமூட்டக் காலத்தில் ரயிலில் வரும்போது, தண்டவாளத்தில் ‘படார்’ என்று ஒரு வெடியோசை கேட்டிருக்கலாம். சிக்னல் அண்மையில் இருக்கிறது என்பதை ஓட்டுநருக்கு அறிவிக்க ரயில்வேயினர் தண்டவாளத்தின் மேல் வெடி வைப்பது நெடுநாளைய வழக்கம். கண் மறைக்கப்பட்ட வேளையில் மட்டும், ஓட்டுநர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்குமிடத்துக்குச் சற்று முன்பாக மட்டும் அது வெடிக்கிறது. வானம் தெளிந்த நாளிலும் மைலுக்கு ஒன்றாக வெடித்தால் ஓட்டுநர் அதனைத் தண்டவாளத்தின் தாளமாகவே கொள்வார். நம் கணிப்பொறிக்கும் இந்த அளவுகோல் பொருந்தும் என்பது நம் கருத்து. மென்பொருள் தானே தீர்க்கக்கூடியதை ஓசையின்றித் தீர்த்துக் குறிப்பேட்டில் எழுதிவைக்கட்டும். பயனாளி முடிவு செய்தே ஆகவேண்டிய இடத்தில் வேலையை நிறுத்தித் திரையை மறித்து நிற்கட்டும்.

மறித்து நிற்கும்போதும் அமைப்பு முக்கியம். 2013-இல் ஆய்வாளர் இருவர், மெய்யான பயனாளிகளுக்குக் காட்டப்பட்ட இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எச்சரிக்கைகளின் விளைவை ஆராய்ந்தார்கள். தளத்தின் சான்றிதழ் சரியில்லை என்னும் எச்சரிக்கையைக் குரோம் உலாவியில் 70 விழுக்காடு அளவில் மீறிச் சென்றனர். பயர்பாக்ஸ் உலாவியிலோ 33 விழுக்காடுதான். மக்கள் எதையும் மதிப்பதில்லை என்ற பழமொழி போன்ற குறை அன்றோடு பொய்த்தது. பின்னர் குரோமின் எச்சரிக்கையைத் திருத்தி அமைத்தவர்கள், பாதுகாப்பான வழியைப் பெரிய பொத்தானாக முன்னே வைத்து, அபாய வழியை ஒரு படி உள்ளே தள்ளினார்கள், வாசகங்களையும் எளிமையாக்கினார்கள். பத்திரமான வழியைத் தேர்ந்தவர் தொகை வெகுவாக உயர்ந்தது. ஆனால் வாசகத்தைப் புரிந்துகொள்ளச் செய்யும் நோக்கம் ஈடேறவில்லை என்று அவர்களே 2015-இல் ஒப்புக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இச்செய்தி அத்துணை இனிப்பாக இல்லை.

உரத்த எச்சரிக்கைக்கு மற்றொரு கேடும் உண்டு. அதனைப் போலி செய்வது எளிது. திரை முழுதும் சிவந்து, அபாயச் சங்கு ஒலித்து, ‘உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று மிரட்டும் கட்டங்கள் மோசடிக்காரர்களின் கைவரிசை. தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது என்று மைக்ரோசாப்ட் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்குக் கணிப்பொறி வாங்கித் தந்துள்ள நேயர்கள், அடுத்த முறை பேசும்போது இந்த ஒரு செய்தியைச் சொல்லி வையுங்கள். எண் தென்பட்டால் அழைக்க வேண்டாம். கட்டம் மூட மறுத்தால் மின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து இயந்திரத்தை நிறுத்திவிடலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டதாயின், தாமதமின்றி 1930 என்னும் அரசு உதவி எண்ணில் முறையிட வேண்டும்.