மெல்போர்னில் ஒரு பம்பாய் வீரர்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மக்கள் தம் உயிரெனப் போற்றும் விளையாட்டு ஒன்று உண்டு. அதனை அவர்கள் ‘ஃபுட்டி’ என்று செல்லமாக அழைப்பர். பெயரளவில் அதுவும் கால்பந்தே. ஆயினும் பந்து முட்டை வடிவினது; திடலும் நீள்வட்டமானது. ஓர் அணிக்குப் பதினெட்டுப் பேர் களம் இறங்குவர். பந்தைக் கையால் பிடிக்கலாம். மூடிய கையால் குத்தித் தோழருக்கு அனுப்பலாம். எறிதல் மட்டும் கூடாது. திடலின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுக்கம்பங்கள் இரண்டிற்கும் இடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் ஆறு புள்ளிகள். அவற்றின் பக்கத்து இடைவெளியில் சென்றால் ஒரே புள்ளி. குறி தவறியவனுக்கும் சிறு பரிசு தரும் இவ்விதி நம் கண்களுக்கு விந்தையாகவே தோன்றும். இவ்விளையாட்டின் விதிகள் 1859ஆம் ஆண்டு அந்நகரிலேயே எழுதப்பட்டன.

1956இல் ஒலிம்பிக் போட்டிகள் மெல்போர்னில் நடைபெற்றன. தம் விளையாட்டை உலகிற்குக் காட்ட விரும்பிய அந்நகரத்தார், டிசம்பர் 7ஆம் நாள் மெல்போர்ன் கிரிக்கெட் திடலில் ஒரு காட்சி ஆட்டம் நிகழ்த்தினர். அதே நாளில் அதே திடலில் வேறொரு கால்பந்தாட்டமும் நடந்தது. வெண்கலப் பதக்கத்திற்காக இந்தியாவும் பல்கேரியாவும் மோதிய ஆட்டம் அது. அந்த இந்திய அணியின் முன்கள வீரர் நெவில் டிசோசா; அன்று பம்பாய் எனப்பட்ட மும்பையின் திடல்களில் வளர்ந்த ஆட்டக்காரர்.

நெவில் 1932ஆம் ஆண்டு கோவாவில் பிறந்தவர். பம்பாயில் டாடா அணிக்கும் பின்னர் கால்டெக்ஸ் அணிக்கும் ஆடினார். இப்பெயர்கள் இன்றைய மாணவர்க்கு வியப்பளிக்கலாம். அக்காலத்தில் ஆலைகளும் எண்ணெய் நிறுவனங்களும் சொந்தமாகக் கால்பந்து அணிகளை வைத்திருந்தன. வீரருக்கு நிறுவனம் வேலை தரும். அவர் அலுவலும் பார்ப்பார், மாலையில் பந்தும் உதைப்பார். ஆட்டத்திற்கெனத் தனி ஊதியம் பெறுவோர்க்கு ஒலிம்பிக்கில் அன்று இடமில்லை. மெல்போர்னின் காட்சி ஆட்டத்தில் ஆடியோரும் பணம் பெறாத அமெச்சூர் வீரர்களே.

கோவண்டியில் மின்தொடர்வண்டி ஏறிச் சத்திரபதி சிவாஜி முனையத்தில் இறங்குவோர், சற்றுத் தொலைவு நடந்தால் கூப்பரேஜ் திடலை அடையலாம். நாட்டின் பழைமையான போட்டிகளுள் ஒன்றாகிய ரோவர்ஸ் கோப்பை அங்கேதான் நடைபெற்று வந்தது. 1958இல் கால்டெக்ஸ் அணி அக்கோப்பையை வென்றது. அதற்கு முன்னர், 1954இல் சென்னையில் நடந்த சந்தோஷ் கோப்பைப் போட்டியில் பம்பாய் அணி வாகை சூடியிருந்தது.

மெல்போர்ன் சென்ற அணியின் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். கோல் காப்பாளர்களுள் ஒருவர், நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்திலிருந்து வந்த பீட்டர் தங்கராஜ். இவ்வணிக்கு ஒரு பழைய வடு இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யுகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. நம்மவருள் பலர் அன்று வெறுங்காலுடன் ஆடினர். அதன் பின்னரே காலணி கட்டாயமாக்கப்பட்டது.

முதற்சுற்றில் இந்தியாவை எதிர்க்கவேண்டிய ஹங்கேரி விலகிக்கொண்டதால், நம் அணி நேரே காலிறுதிக்குச் சென்றது. டிசம்பர் 1ஆம் நாள் எதிரே நின்றது ஆஸ்திரேலியா; ஊரும் அவர்களது, ஆரவாரமும் அவர்களது. ஒன்பதாம் நிமிடத்தில் நெவில் முதற்கோலை அடித்தார். ஆஸ்திரேலியா அதனைச் சமன் செய்தது. முப்பத்து மூன்றாம் நிமிடத்தில் அவரே மீண்டும் ஒரு கோல். ஆஸ்திரேலியா அதையும் சமன் செய்தது. இடைவேளைக்குப் பின் ஐம்பதாம் நிமிடத்தில் மூன்றாவது கோலும் அவர் காலிலிருந்தே பிறந்தது. இம்முறை எதிரணியால் ஈடு செய்ய இயலவில்லை. ‘கிட்டு’ எனப்பட்ட கிருஷ்ணசாமி நான்காவது கோலை அடிக்க, இந்தியா நான்குக்கு இரண்டு என வென்றது. ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் நெவில். ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணியும் இதுவே. சில நாள்களுக்குப் பின் சிட்னியில் நடந்த நட்பு ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை இந்தியா ஏழுக்கு ஒன்று என வென்றதையும் நோக்கினால், மெல்போர்ன் வெற்றி தற்செயலன்று என்பது விளங்கும்.

அரையிறுதியில் எதிர்ப்பட்டது அதே யுகோஸ்லாவியா. முதற்பாதியில் எவரும் கோல் அடிக்கவில்லை. ஐம்பத்திரண்டாம் நிமிடத்தில் நெவில் பந்தை வலைக்குள் செலுத்தினார். பத்துக் கோல் வாங்கிய நாடு இப்போது முன்னிலையில் நின்றது. ஆனால் இரண்டே நிமிடங்களுக்குத்தான். யுகோஸ்லாவியா விரைந்து திருப்பித் தாக்கி, இறுதியில் நான்குக்கு ஒன்று என வென்றது. டிசம்பர் 7ஆம் நாள் பல்கேரியாவும் மூன்று கோல்களால் நம்மை வீழ்த்த, இந்தியாவிற்கு நான்காம் இடமே கிட்டியது. நான்காம் இடத்திற்குப் பதக்கம் இல்லை. நெவில் அடித்த கோல்கள் மொத்தம் நான்கு. அத்தொடரில் அதனினும் மிகுதியாக எவரும் அடிக்கவில்லை. யுகோஸ்லாவிய வீரர் ஒருவரும் பல்கேரிய வீரர் ஒருவரும் மட்டுமே அந்த எண்ணிக்கையில் அவருக்கு இணையாக நின்றனர்.

1980ஆம் ஆண்டு நெவில் மறைந்தபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. ரோவர்ஸ் கோப்பைப் போட்டியும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றுபோயிற்று. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா மூன்று ஆட்டங்கள் ஆடி, ஆட்டத்திற்கு ஒன்றாக மூன்று கோல்களே அடித்தது. அவற்றுள் கடைசிக் கோல் பெரு நாட்டிற்கு எதிராக அடிக்கப்பட்டது. அதன் பிறகு இந்திய அணி ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியதில்லை.